தாண்டிப் போன முதல் வரி

மடவார் வளாகம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்,
நவம்பர் 15, சனிக்கிழமை.

அன்புள்ள ஜெமிக்கு,

சத்யப்பிரியா எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. எங்கள் தெருவில் சாக்கடைக்கென்று தோண்டிய பள்ளத்தை இன்னும் மூடவில்லை. மழைத் தண்ணீர் நிறைந்து, பச்சை பிடித்து, வாசலில் நிற்க முடியாத நாற்றம். நானும் சுகம்தான், சோறு மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது. அம்மா இதை ஏதோ காதல் விவகாரம் என்று நினைத்துக்கொண்டு தினம் ஒரு குழம்பு வைத்துப் பார்க்கிறாள்.

நெதர்லாந்தில் உட்ரெக்டுக்கு எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று உனக்குத் தோன்றும். போனில் எழுதிப் பார்த்துவிட்டேன். நம் சாஃப்ட்வேர் சொளகின் புதுப் பதிப்பில் பெரிய தப்பு இருக்கிறது, அதை உடனே திரும்பப் பெற்றுக்கொள் என்று முதலில் எழுதினேன். கூடவே உன் அம்மாவுக்கு முழங்கால் முட்டு ஆபரேஷனுக்கு டிசம்பரில் நாள் கொடுத்திருக்கிறார்கள் என்றும் எழுதினேன். நீ ஆபரேஷனைப் பற்றி மட்டும் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாய். மறுபடி எழுதியபோது இங்கே மழையா என்று கேட்டாய். கடைசியில் வேறு எதையும் சேர்க்காமல் அந்த ஒரு விஷயத்தை மட்டும் எழுதினேன். மஞ்சள் பூ ஒன்றின் படம் வந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சீ என்று ஆகிவிட்டது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனேன்.

ஒன்றும் தெரியாதவளைப் போல நீ நடந்துகொள்வதால், தெரியாதவளுக்குச் சொல்வதைப் போலவே முதலிலிருந்து சொல்கிறேன். கோபம் வந்தால் வரட்டும்.

ராஜபாளையத்தில் டயர் கடை மாடியில், லிங்கேஸ்வரன் அண்ணாச்சியின் ஆபீசில் நாம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொளகைத் தொடங்கினோம். ஒரு கம்ப்யூட்டர் மொழிக்கு என்னென்ன விதி என்று எழுதிக் கொடுத்தால், அந்த மொழியைப் படித்துப் புரிந்துகொள்கிற பார்சரை அதுவே செய்து தந்துவிடும். செட்டியார்பட்டியில் உங்கள் வீட்டில் உட்கார்ந்து இதை உன் அம்மாவுக்கு, நம் இன்பம் அம்மாவுக்கு, விளக்கினோம். இன்பம் அம்மா முறத்தில் அரிசி புடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, 'அப்பம் நீங்க அரிசி பொடைக்கல, சொளகு முடையுறீயன்னு சொல்லுங்க' என்றார்கள். பெயர் அப்படித்தான் வந்தது. நம் வாத்தியார்கள் யாரும் அதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை என்று நீதான் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

ஓகேமல் என்ற கம்ப்யூட்டர் மொழியில்தான் எழுத வேண்டும் என்று அடம் பிடித்தவளும் நீதான். அந்த மாதிரி ஃபங்ஷனல் மொழியில் ஏமாற்ற முடியாது, விடை என்றால் முழு விடை, தப்பு என்றால் தப்பு, இரண்டில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்றாய். சின்னத் தப்புகளைக் கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன என்று நான்தான் கேட்டேன். நீ என்னைப் பிடித்துத் திட்டினாய். பாதி புரிந்ததைப் புரிந்துவிட்டது என்று சொல்வதைவிட அசிங்கம் எதுவும் இல்லை, புரியாவிட்டால் நிற்க வேண்டும், நின்று எந்த வரி புரியவில்லை என்று சொல்ல வேண்டும் என்றாய். அந்த வாரம் முழுக்க நம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் நீ சொன்னதே சரி என்று எனக்குப் பட்டது. அன்றிலிருந்து சொளகு புரியாத இடத்தில் நின்றது.

பிறகு பேண்டேஜ் கம்பெனி வேலை வந்தது. அவர்களுடைய கிருமி கொல்லும் ஸ்டெரிலைசர் மெஷினின் கம்ப்யூட்டரில் ஓகேமல் ஒத்துவரவில்லை, அதனால் சொளகை எஃப் ஷார்ப் என்ற இன்னொரு மொழிக்கு மாற்ற வேண்டியதாயிற்று. விதிகளை நான் மாற்றினேன், எழுத்துகளைப் படிக்கிற பகுதியை நீ எடுத்துக்கொண்டாய். அங்கேதான் சிக்கல். ஓகேமலில் எழுத்தெல்லாம் பைட்டாக வந்ததால் நம் எழுத்து அட்டவணை இருநூற்று ஐம்பத்தாறு கட்டத்தோடு முடிந்துவிட்டது. இங்கே ஒரு தமிழ் எழுத்து வந்தால் அது அட்டவணைக்கு வெளியே போய் விழும். தமிழில் யார் தட்டப் போகிறார்கள் என்று இருவருமே விட்டுவிட்டோம்.

ஆவுடையப்பன் தட்டினார். அங்கே ஷிப்ட் பார்க்கிற சூப்பர்வைசர் அவர். உ போடாமல் டிபன் டப்பாவில்கூடப் பேர் எழுத மாட்டார். ஒவ்வொரு வகைத் துணிக்கும் மெஷின் என்னென்ன செய்ய வேண்டும் என்று நாம் கொடுத்த சின்ன மொழியில் வரிவரியாகத் தட்ட வேண்டும். அவர் கீபோர்டைத் தமிழுக்கு மாற்றி முதலில் ஒரு பிள்ளையார் சுழி போட்டார், பிறகு இங்கிலீஷுக்கு மாற்றி வேலையைத் தொடங்கினார். கம்பெனி முதலாளிக்கு முன்னாலேயே சொளகு நின்றது. அன்றைக்கு நான் கான்சாபுரத்தில் பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தில் இருந்தேன். நீ போன் செய்து இதைச் சொன்னபோது நாம் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அட்டவணையைப் பெரிதாக்கு, உ மட்டும் உள்ள வரிக்கு ஒரு விதி சேர்த்துவிடு என்றேன். சரிடி, செய்துவிடுகிறேன் என்றாய்.

நீ அதைச் செய்யவில்லை. புரியாத எழுத்து வந்தால் அந்த வரியையே விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போ என்று எழுதினாய். 'நிக்காம ஓடணும் தாயி, நிக்குற சாமான எவன் வாங்குவான்' என்று அண்ணாச்சி உன் தலைமாட்டில் நின்று புலம்பியிருப்பார், தெரியும். விசா வந்துவிட்டது, வெளிநாட்டுக்குக் கிளம்பும் அவசரம், அதுவும் தெரியும். ஆனால் அதற்குமேல் புதுப் பதிப்போடு நீ ஒரு குறிப்பும் எழுதினாயே, புரியாத வரிகளைத் தாண்டி இனி சொளகு நிற்காமல் பத்திரமாக இயங்கும் என்று. பத்திரமாக! தாண்டிய வரிகளை ஒரு மூலையில் சேர்த்து வைத்திருக்கிறாய், பார்த்தேன். அதைத் திரையில் காட்ட வேண்டும் என்று யாரிடமாவது சொன்னாயா? அங்கே தெரிவதெல்லாம் ஒரு பச்சை விளக்கு.

இப்போது நடந்ததைக் கேள். போன மாதம் லேபிள் அச்சடிக்கிற வேலைக்காக அந்தக் கம்பெனிக்குப் போயிருந்தேன். மெஷினில் பொதிகளை அடுக்குகிறவள் குருவம்மாள், உங்கள் தெருக்காரிதான், உனக்குத் தெரியும். பொதியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டியதும் முதலில் பம்ப் ஓடி உள்ளிருக்கும் காற்றை இழுக்க வேண்டும். பிறகுதான் நீராவி. காற்று வெளியே போகாவிட்டால் நீராவி பொதியின் வெளிப்புறத்தை மட்டும் வேகவைக்கும், நடுத்துணிக்குள் இறங்காது. அந்த பம்ப் ஓடினால் மேலே தகரம் அதிரும், பக்கத்தில் நின்று பேச முடியாது. அன்றைக்கு நானும் குருவம்மாளும் அதன் பக்கத்திலேயே நின்று சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தோம். அவளுடைய மகனுக்கு வேலை கிடைத்த கதை முழுவதையும் கேட்டு முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பம்ப் ஏன் ஓடவில்லை என்று கேட்டேன். 'அது செல நாளு கத்தும், செல நாளு கத்தாதும்மா' என்றாள், அது மெஷினின் குணம் என்பதைப் போல.

திரையைப் போய்ப் பார்த்தேன். ஆவுடையப்பன் உ போட்டுவிட்டு அதே வரியிலேயே பம்ப் ஓட வேண்டிய கட்டளையையும் தட்டியிருந்தார். நேரம் இருந்தால் உ தனி வரி, அவசரம் என்றால் ஒரே வரி. தனி வரியாக இருந்த நாட்களில் உ மட்டும் போயிற்று. ஒரே வரியாக இருந்த நாட்களில் உ-வோடு பம்பும் போயிற்று. பச்சை விளக்கு இரண்டுக்கும் எரிந்தது. அடுத்த சுற்றில் அதே மாதிரி ஓடவிட்டு, ஒரு பொதிக்கு வெளியே ஒட்டுகிற, நீராவி பட்டால் கறுக்கும் பட்டையை நடுவிலும் ஒன்று வைக்கச் சொன்னேன். வெளியே ஒட்டியது நன்றாகக் கறுத்திருந்தது. உள்ளே வைத்தது வைத்தபடியே வெளுத்துக் கிடந்தது. அந்தத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன், ஜெமி. பார்க்க எவ்வளவு சுத்தமாக இருந்தது தெரியுமா! அன்றிலிருந்துதான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆவுடையப்பன் முகம் செத்துப்போயிற்று. 'நான் போட்ட பிள்ளையார் சுழியாலயாம்மா இம்புட்டும்?' என்று திரும்பத் திரும்பக் கேட்டார். உங்கள்மேல் எந்தத் தப்பும் இல்லை, நின்றிருக்க வேண்டியது எங்கள் சாமான் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. அன்றிலிருந்து உ போடுவதை விட்டுவிட்டார். விட்டுவிட்டு, இன்னொருவர் ஷிப்டில் யார் எதைத் தட்டுகிறார்கள் என்று பயந்து பயந்து எட்டிப் பார்க்கிறார்.

நேராக ஆபீசுக்கு வந்து அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்று இன்னொரு பேண்டேஜ் கம்பெனியின் ஆர்டர் வந்த சந்தோஷத்தில் பால்கோவா டப்பா திறந்திருந்தது. தின்றுகொண்டே கேட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். 'பஞ்சுத் துணிதான தாயி, வயித்துக்குள்ளயா போகப் போவுது' என்றார். வயிற்றைக் கிழித்த இடத்தில்தான் அண்ணாச்சி அதை வைக்கிறார்கள் என்றேன். 'அதான் மருந்து மாத்திர குடுக்கான்லா' என்றார். சொல்லிவிட்டு, நான் கொண்டுபோய் மேசையில் வைத்த அந்த வெளுத்த பட்டையை எடுத்து விரலில் இருந்த நெய்யைத் துடைத்துக்கொண்டார். வேண்டுமென்று செய்யவில்லை. அது என்ன என்றே அவருக்குத் தெரியவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது. எனக்குத் தந்த பால்கோவாவைப் படியிறங்கும்போது குப்பைக்கூடையில் போட்டேன்.

அட்டவணையைப் பெரிதாக்கி, உ-வுக்கு விதி சேர்த்து, புரியாவிட்டால் நிற்கும் சொளகை நான் எழுதி முடித்துவிட்டேன். பெரிய வேலையே இல்லை. அதை மெஷினில் ஏற்ற அண்ணாச்சி விடமாட்டேன் என்கிறார். இப்போது நிற்க ஆரம்பித்தால் இத்தனை நாள் ஏன் நிற்கவில்லை என்று கேட்பார்களாம். அதனால் அவரைத் தாண்டி பேண்டேஜ் கம்பெனி முதலாளியிடமே போனேன். அவர் மோசமானவர் இல்லை, பயந்தார். உடனே அண்ணாச்சிக்குப் போன் போட்டார். அண்ணாச்சி உன் குறிப்பைப் படித்துக் காட்டியிருக்கிறார். 'எழுதுன பிள்ள நெதர்லாந்துல இருக்கு, அதுவே பத்திரம்னு எழுதியிருக்கு. இது கூட இருந்த பிள்ள, கொழம்பிப் போச்சு' என்று சொல்லியிருக்கிறார். முதலாளி என்னிடம் திரும்பி, 'எழுதுன பிள்ள தப்புன்னு ஒரு வார்த்த சொல்லட்டும்மா, அன்னைக்கே நிப்பாட்டி, போன சரக்கையும் திருப்பி எடுத்துக்கிடுதேன்' என்றார். பொதியின் நடுவில் வைத்த, நெய் பட்ட அந்தப் பட்டையைக் காட்டினேன். அது ஒரு நாள் மெஷின் கோளாறாக இருக்கலாம் என்றார். கூட இருந்த பிள்ளையின் பேச்சுக்கு அவ்வளவுதான் மதிப்பு.

ஆக, யார் எந்தப் புரியாத எழுத்தைத் தட்டினாலும் நிற்காமல் மெஷின் இன்றைக்கும் ஓடுகிறது. பொதிகள் பெட்டி பெட்டியாக வண்டியேறுகின்றன. நிறுத்த வேண்டியது உன் ஒரு வரி. நீ என்னவென்றால் எனக்குப் பூ அனுப்புகிறாய்.

நீ ஏன் பேசாமல் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். உன் புது ஆபீசில் உனக்குப் பெயர் வாங்கித் தந்ததே அந்தத் தாண்டிப் போகிற பார்சர்தான். ஜனவரியில் அதைப் பற்றி ஏதோ கூட்டத்தில் பேசப் போகிறாய் என்று உன் இணையப் பக்கத்தில் பார்த்தேன். தப்பு என்று இப்போது சொன்னால் என்ன ஆகும் என்று யோசிக்கிறாய். யோசி, நியாயம்தான். ஆனால் யோசிக்கிறேன் என்றாவது எனக்கு எழுதியிருக்கலாம். பிடிக்காத வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகிறாயே, அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. பாதி புரிந்ததைப் புரிந்ததாகச் சொல்வது அசிங்கம் என்ற அந்த ஜெமியோடுதான் நான் ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். அவளோடு பேச வேண்டும் போல இருக்கிறது.

கரண்ட் போய்விட்டது. மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை.

நேற்று செட்டியார்பட்டிக்குப் போனேன். இந்தக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டே போனேன், முகவரியைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. உன் அம்மா அப்போதுதான் கோயிலிலிருந்து வந்திருந்தார்கள். படியேறும்போது இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொள்கிறார்கள், மற்றபடி தைரியமாக இருக்கிறார்கள். ஆபரேஷன் முடிந்து கிறிஸ்துமஸுக்கு நடந்தே ஆராதனைக்குப் போக வேண்டுமாம். மீன் குழம்பு வைத்திருந்தார்கள். நெடுநாளைக்குப் பிறகு அங்கேதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் பீரோவைத் திறந்து ஒரு பையை எடுத்து வந்தார்கள். ஆபரேஷனுக்குத் தேவையான சாமான்களை நாமே வாங்கித் தர வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் அல்லவா, அதெல்லாம் இப்போதே சேர்த்து வைத்திருக்கிறார்கள். கையுறை, ஊசி, பஞ்சு எல்லாம் இருந்தன. அடியில் பேண்டேஜ் கட்டு. கடையில் வாங்கவில்லை. குருவம்மாளிடம் சொல்லிக் கம்பெனியிலிருந்தே எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அதை என் மடியில் வைத்து, 'பாத்தியாட்டி, எம்மவ செஞ்ச மெஷின்ல வெந்த துணி. முட்டுல கட்டுனா இதத்தான் கட்டணும்னு டாக்டர்ட்டயே சொல்லிட்டேன். அவ அங்க கெடந்தாலும் கூட இருக்க மாதிரி இருக்கும்லா' என்றார்கள்.

மருந்துக்கடையில் வேறு கம்பெனி பேண்டேஜ் நல்லதாகக் கிடைக்கும், நான் வாங்கி வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். 'ஏட்டி, ஒனக்குப் பொறாம' என்று என் கன்னத்தில் தட்டிச் சிரித்தார்கள். திரும்ப அதை மடித்துப் பைக்குள் வைத்த விதத்தைப் பார்த்தேன். பெற்ற பிள்ளையின் சின்ன வயசுச் சட்டையைத்தான் யாரும் அப்படி மடித்து வைப்பார்கள்.

வரும் வழியில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். உன்மேல் இருந்த வெறுப்பு முழுக்க அப்படியேதான் இருக்கிறது, குறைந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பையை அந்த அம்மா கையிலிருந்து நான் பிடுங்கக் கூடாது ஜெமி, நீதான் வாங்க வேண்டும். நீ வாய் திறக்காவிட்டால் ஆபரேஷனுக்கு முன்னால் நானே போய்ச் சொல்லிவிடுவேன், அந்தத் துணி அவர்கள் காலில் படாது, அதைப் பற்றி நீ பயப்பட வேண்டாம். உன் அம்மாவுக்குச் சொல்ல நான் ஒருத்தி இருக்கிறேன். வண்டியேறிப் போன பெட்டிகளெல்லாம் எந்தெந்த ஊரில் யார் யார் அம்மாவுக்குப் பிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களிடம் போய்ச் சொல்ல யாரும் இல்லை.

முதலாளியின் போன் நம்பரைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவரிடம் தப்பு என்று சொல். அந்தக் குறிப்பில் பத்திரமாக என்று எழுதியதை அடித்துவிட்டு, இந்தப் பதிப்பை யாரும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று உன் பெயரிலேயே எழுது. பிறகு அம்மாவைக் கூப்பிட்டு உன் வாயால் சொல். அழுவார்கள். நான் போய்ப் பக்கத்தில் இருந்துகொள்கிறேன். வேலை போனால் திரும்பி வா, டயர் கடை மாடி இல்லாவிட்டால் வேறு மாடி பார்த்துக்கொள்வோம். எனக்குப் பதில்கூட எழுத வேண்டாம்.

நான் கிளம்பும்போது, உனக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று தெரிந்துகொண்டு, தன் சார்பிலும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள் உன் அம்மா. 'அவ கை பட்டதெல்லாம் ஆண்டவர் வெளங்க வைக்கணும், அவ செஞ்ச சாமானால ஒரு உசுருக்கும் நோவு வரக் கூடாதுன்னு நான் தெனமும் முட்டுப் போட்டு ஜெபம் பண்ணுதேன்னு எழுது. வலிக்கத்தான் செய்யுது, ஆனா முட்டுப் போடாம இருக்கதில்லன்னும் எழுது' என்றார்கள்.

எழுதிவிட்டேன். இந்த வரியையாவது தாண்டிப் போகாதே.

உன்,
சத்யப்பிரியா